வே பில்லும் வே பிரிட்ஜும்: ஒலியில் ஒட்டி எழுத்தில் பிரியும் ஆங்கிலச் சொற்கள்

அத்தியாயம் 6

போடியிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு மலையேறும் லாரியில் இரண்டு தாள்களைப் பார்க்கலாம். ஒன்று ஈ-வே பில். மற்றொன்று எடை மேடையில் கொடுத்த சீட்டு, அதாவது வே பிரிட்ஜ் ரசீது. பேச்சில் இரண்டுமே ‘வே’தான். எழுத்தில் அப்படி இல்லை. முதல் ‘வே’ பாதை: டபிள்யூ-ஏ-ஒய். இரண்டாவது ‘வே’ எடை போடுவது: டபிள்யூ-ஈ-ஐ-ஜி-எச். இந்த வேறுபாடு தெரியாமல் பெயின்ட் அடிக்கப்பட்ட பலகைகளில் எடை மேடை ‘பாதைப் பாலம்’ ஆகிவிடுகிறது.

பலகையில் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பத்திரத்திலும் வங்கித் தாளிலும் மனுவிலும் அதே பிழை வந்தால் அலைச்சல், சில நேரம் பண நஷ்டம். போடி, போடிமெட்டு, அதற்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை வரை ஏலக்காயை நம்பி வாழ்கிறவர்கள் தினமும் கையாளும் தாள்களிலிருந்தே இந்த அத்தியாயத்தின் சொற்களை எடுத்திருக்கிறோம். வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான். தாள்கள் மட்டும் மாறும்.

படிப்பதற்கு முன்

இந்த நூலில் ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே சொல்கிறோம். ‘பி’ என்று இரண்டும் ‘டி’ என்று இரண்டும் இருப்பதால், போனில் பெயர் சொல்லும்போது செய்வதைப் போல ஊர் சேர்த்துக்கொள்வோம்: போடி பி, பழனி பி, டெல்லி டி, தேனி டி. பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சொல்லும் எழுத்துகளை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இந்த அத்தியாயம் பாதிப் பயன்தான் தரும்.

ஏன் குழம்புகிறோம்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியோடு சேர்ந்து நடக்கவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் அச்சுக்கூடம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. உச்சரிப்பு தன் போக்கில் மாறிக்கொண்டே போனது. எடை என்று பொருள்படும் சொல்லில் உள்ள ஜி-எச் ஒரு காலத்தில் வாயால் ஒலிக்கப்பட்டது. இன்று எழுத்தில் மட்டும் மிச்சம். ‘ரிசீட்’டில் உள்ள பழனி பி-யும், கடன் என்ற பொருளில் வரும் ‘டெட்’டில் உள்ள போடி பி-யும் வேறு வகை. லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் படித்தவர்கள் இடையில் நுழைத்த எழுத்துகள் அவை.

இரண்டாவது, நாம் இந்தச் சொற்களைத் தமிழ்ப் பேச்சின் வழியாகவே முதலில் கேட்கிறோம். ‘லூஸ்’ என்று தமிழில் எழுதினால் அது இழப்பதா, தளர்ந்ததா என்று தெரியாது. ‘பிரைஸ்’ விலையா பரிசா, ‘செக்’ காசோலையா சோதனையா என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒலி சற்று வேறுபடும் இரட்டைகள்கூடத் தமிழ் வரிவடிவத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

மூன்றாவது, கணினியும் கைபேசியும் காட்டும் சிவப்புக் கோட்டை நம்புகிறோம். அகராதியில் இல்லாத சொல்லைத்தான் அந்தக் கோடு நிச்சயமாகப் பிடிக்கும். விலை என்று எழுத வேண்டிய இடத்தில் பரிசு என்று எழுதினால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். பெரும்பாலும் கோடு விழாது.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த முறை

ஆங்கில வழிகாட்டி நூல்கள் பலவும் இந்த இரட்டைகளை அகரவரிசையில் அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சொற்களையும் ஒரே நேரத்தில், ஒரே வரியில் படித்தால் இரண்டும் ஒன்றாகவே நினைவுக்கு வரும். எது எது என்ற சந்தேகமும் கூடவே வரும்.

தமிழில் மயங்கொலிச் சொற்களை நாம் கடந்து வந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். ‘கரை’ என்றால் ஆற்றங்கரை, ‘கறை’ என்றால் சட்டையில் படிந்த கறை. சொல்லைத் துணைச்சொல்லோடு சேர்த்தே பிடித்துக்கொண்டோம். போடிக்காரர்களுக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்: செடியும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். ‘இன்றைக்கு ஏல ஏலம் எப்படி?’ என்று கேட்டாலும் எவரும் தடுமாறுவதில்லை. சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே விதி இதுதான்: இரட்டைகளைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் அது புழங்கும் தாளோடும் அதன் உறவுச் சொற்களோடும் தனித்தனியே கற்றுக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு பகுதியும் ஓர் இடம் அல்லது ஒரு தாள்.

1. மலைச் சாலை

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 (பழைய எண் 49) போடிக்கும் போடிமெட்டுக்கும் இடையே 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. இந்தச் சாலையில் இரண்டு ‘பிரேக்’கும் தேவைப்படும்.

வண்டியை நிறுத்தும் பிரேக்: போடி பி-ஆர்-ஏ-கே-ஈ. கேக், லேக் ஆகிய சொற்களும் ஏ-கே-ஈ என்றே முடிகின்றன. இதுவும் அந்தக் கூட்டம். கால் பிரேக், கை பிரேக், பிரேக் ஆயில், மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் அழைக்கும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ எல்லாமே இந்த எழுத்துகளில்தான்.

உடைவது, இடையில் நிற்பது என்ற பொருளுள்ள பிரேக்: போடி பி-ஆர்-ஈ-ஏ-கே. பிரேக் டவுன், டீ பிரேக், பிரேக்ஃபாஸ்ட் ஆகியவை இதன் உறவு. இரவெல்லாம் வெறும் வயிறாக இருந்ததை உடைப்பதுதான் பிரேக்ஃபாஸ்ட்.

பஸ் கம்பெனிக்குப் புகார் எழுதும்போது இரண்டும் ஒரே வரியில் வரலாம்: பிரேக் பிடிக்காததால் வண்டி பிரேக் டவுன் ஆனது. முதலாவது ஏ-கே-ஈ, இரண்டாவது ஈ-ஏ-கே.

மெட்டில் நிற்கும் செக் போஸ்டின் ‘செக்’ சி-எச்-ஈ-சி-கே. சோதித்துப் பார்ப்பது என்று பொருள்படும் எல்லா இடத்திலும் இதே எழுத்துகள். வங்கிச் செக் வேறு. அதை அதன் இடத்தில் பார்ப்போம்.

2. ஏல மையமும் காய்க் கடையும்

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தில் புற்றடியிலும் நடக்கிறது. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் வெளியாகும் அட்டவணையின் தலைப்புகளைப் பாருங்கள்: லாட் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை. இந்த ஒரு தாளே ஒரு பாடம்.

விலை என்னும் பிரைஸில் நான்காவது எழுத்து சி. காஸ்ட், கேஷ் ஆகியவை தொடங்குவதும் அந்த சி-யில்தான். பரிசு என்னும் பிரைஸில் அந்த இடத்தில் இசட் வரும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. விற்றவருக்கு அது பரிசு விழுந்த மாதிரி இருந்திருக்கும். அட்டவணையில் சி போட்ட பிரைஸாகத்தான் பதிவானது.

அளவு என்பது குவான்டிட்டி. அதன் நடுவில் என்-தேனி டி என்ற இணை இருக்கும். தரம் என்பது குவாலிட்டி. நடுவில் எல் மட்டும். ‘எண்ணிக்கை’யை நினைத்தால் என் நினைவுக்கு வரும். ரசீதுகளில் சுருக்கமாக க்யூ-டி-ஒய் என்று அச்சிட்டிருப்பது எப்போதும் அளவுதான்.

எடை என்னும் வெயிட்: டபிள்யூ-ஈ-ஐ-ஜி-எச்-டி. முதல் எழுத்தான டபிள்யூவைக் கையால் மறையுங்கள்; மீதி ‘எய்ட்’, அதாவது எட்டு. எடைக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. எடை போடுதல், எடை மேடை இரண்டிலும் கடைசி டி இருக்காது. ‘வெயிட் பிரிட்ஜ்’ என்று எழுதுவதும் பிழை. வே பிரிட்ஜ் ஜி-எச்சோடு நின்றுவிடும். காத்திருக்கும் வெயிட்: டபிள்யூ-ஏ-ஐ-டி. வெயிட்டிங் லிஸ்ட், வெயிட்டிங் ஹால் என்று ரயில்வேயோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட ரயில் போடிக்குத் திரும்ப வந்தது 2023 ஜூனில். இந்த வெயிட்டுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஊரில் இல்லை.

லூஸ் இரட்டையில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தளர்ந்தது, கட்டாமல் கிடப்பது என்னும் லூஸ்: எல்-ஓ-ஓ-எஸ்-ஈ, இரண்டு ஓ. மூட்டை பிடிக்காத சரக்கை ‘லூஸில் கிடக்கு’ என்கிறோமே, அது. இழப்பது என்னும் லூஸில் ஓ ஒன்றுதான். அதன் குடும்பத்தைப் பாருங்கள்: நஷ்டம் என்னும் லாஸ், தொலைந்தது என்னும் லாஸ்ட், தோற்றவர் என்னும் லூஸர். எதிலும் இரண்டு ஓ கிடையாது. சந்தேகம் வந்தால் ‘லாஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் பொருந்தினால் ஓர் ஓ எழுதுங்கள்.

தரப் பெயர்களிலும் கவனம் தேவை. அக்மார்க் தரத்தில் ஏஜிஈபி என்பது ‘ஆலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்பதன் சுருக்கம். 7 மில்லிமீட்டர் காய். அடுத்து 6 மில்லிமீட்டருக்கு ஏஜிபி, 5 மில்லிமீட்டருக்கு ஏஜிஎஸ். போல்டு என்பது போடி பி-ஓ-எல்-டெல்லி டி. ஓ இருக்கும் இடத்தில் ஏ விழுந்தால் வழுக்கைத் தலை என்று பொருளாகிவிடும். ஆலெப்பி என்ற பழைய எழுத்துக்கூட்டலில் எல் இரண்டு, பழனி பி இரண்டு. ஊர்ப்பெயர் இன்று ஆலப்புழா என்று மாறிவிட்டாலும் தரப் பெயரில் பழைய வடிவமே நீடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கும் பொருளின் பெயர். ‘கார்டமம்’ சி-ஏ-ஆர்-டெல்லி டி-ஏ-எம்-ஓ-எம். கடைசி எழுத்தை என் என்று எழுதுவது உலகம் முழுவதும் காணப்படும் பழக்கம்; பட்டையைக் குறிக்கும் சின்னமன் என்-னில் முடிவதால் வரும் மயக்கம் இது. தமிழே இதற்கு வழி சொல்கிறது: ‘ஏலம்’ மகர ஒற்றில் முடிகிறது, கார்டமமும் எம்-மில் முடிகிறது. தாவரப் பெயரான எலெட்டேரியா கார்டமோமம் எம்-மில் முடிவதும் இதற்குத் துணை.

காசு வாங்கியதற்குத் தரும் ரிசீட்டும் சமையல் குறிப்பான ரெசிப்பியும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘எடுத்துக்கொள்’ என்று மருந்துச் சீட்டின் தலையில் வைத்தியர் எழுதிய கட்டளைதான் ரெசிப்பி. அதில் பழனி பி ஒலிக்கும், கடைசியில் ஈ. ரிசீட்டில் பழனி பி ஊமை. அதை அடுத்துத் தேனி டி. பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கும்போது புரூஃபில் முதலில் பார்க்க வேண்டிய சொல் இது.

3. வங்கி

கடன் தாளில் ‘பிரின்சிபல்’ என்றால் அசல். கல்லூரியில் பிரின்சிபல் என்றால் முதல்வர். கொள்கை என்பதும் காதுக்குப் பிரின்சிபிள்தான். மூன்று பொருள், இரண்டு எழுத்துக்கூட்டல். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. வியாபாரத்தில் போட்ட பணத்தை ‘முதல்’ என்கிறோம். கல்லூரித் தலைவரை ‘முதல்வர்’ என்கிறோம். ‘முதல்’ வரும் இடமெல்லாம் பழனி பி-ஏ-எல் என்ற முடிவு. மூலதனம் என்னும் ‘கேப்பிட்டல்’ முடிவதும் ஏ-எல்லில்தான். கொள்கை மட்டும் பழனி பி-எல்-ஈ. வங்கிக்கு எழுதும் கடிதத்தில் கொள்கைக்கு வேலையே வராது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏ-எல் எழுதலாம்.

வங்கிச் செக்: சி-எச்-ஈ-க்யூ-யு-ஈ. வங்கியில் க்யூவில் நிற்கிறோம், வங்கிச் செக்கிலும் க்யூ இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் உள்ளதும் இந்த வடிவமே. அமெரிக்காவில் இரண்டுக்கும் சி-கே வடிவத்தையே எழுதுவார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்த கைபேசி தானாகத் திருத்தினால் ஏமாற வேண்டாம்.

கணக்கில் பணம் வரவானதைத் தெரிவிக்கும் தாள் ‘கிரெடிட் அட்வைஸ்’. இது பெயர்ச்சொல், முடிவு ஐ-சி-ஈ. ஆலோசனை சொல்வது என்னும் வினைச்சொல்லின் முடிவு ஐ-எஸ்-ஈ. கையால் தொடக்கூடிய பொருள் ஐஸ், அதன் எழுத்து ஐ-சி-ஈ. ஆகவே பெயர்ச்சொல்லுக்கு ஐஸ். கருவி என்னும் டிவைஸ், பழக்கம் என்னும் பிராக்டிஸ் ஆகியவற்றுக்கும் இதே விதி. லைசென்ஸ் முடிவில் ஐஸ் இல்லை என்றாலும் சி, எஸ் விதி அதற்கும் பொருந்தும்: டிரைவிங் லைசென்ஸ் பெயர்ச்சொல் என்பதால் நம் நாட்டில் கடைசியில் சி-ஈ. அமெரிக்கர்கள் அதற்கும் எஸ் போடுவார்கள்.

பர்சனல் லோன் என்பது சொந்தத் தேவைக்கான கடன். ஒரே என், முடிவு ஏ-எல். பணியாளர்களைக் குறிக்கும் பர்சனெல் இரண்டு என், முடிவு ஈ-எல். ஆள்கள் பலர், ஆகவே என்-னும் கூடுதல்.

4. பத்திரம்

இந்த அத்தியாயத்தில் மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி இது. தோட்டக் குத்தகைப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும்: லெஸ்ஸர், லெஸ்ஸி. ஒன்றில் முடிவு ஓ-ஆர், மற்றதில் முடிவு இரண்டு ஈ. மாற்றிப் படித்தால் நிலத்துக்காரர் குத்தகைக்காரர் ஆவார்.

விதி எளிது. ஓ-ஆர் கொடுப்பவர், இரட்டை ஈ பெறுபவர். லெஸ்ஸர் குத்தகைக்கு விடுபவர், லெஸ்ஸி குத்தகைக்கு எடுப்பவர். லாரி ரசீதில் கன்சைனர் சரக்கு அனுப்புபவர், கன்சைனி சரக்கு பெறுபவர். செக்கில் பேயி பணம் பெறுபவர். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், பெற்றவர் எம்ப்ளாயி. முதலாவதில் ஓ-ஆருக்குப் பதில் ஈ-ஆர் வந்தாலும் உறவு அதேதான்.

எல்லோரும் இடறும் இடம் அடமானம். வங்கியில் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறீர்கள். பணம் பெறுவது நீங்கள். ஆகவே ‘மார்ட்கேஜி’ நீங்கள்தான் என்று தோன்றும். தவறு. எது கைமாறுகிறது என்பதைச் சொல்லே தன்னுள் வைத்திருக்கிறது: மார்ட்கேஜ், அதாவது அடமான உரிமை. அந்த உரிமையைக் கொடுப்பவர் நீங்கள். ஆகவே நீங்கள் மார்ட்கேஜர். உரிமையைப் பெறும் வங்கி மார்ட்கேஜி. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் இந்தப் பெயர்களையும், 105-ஆம் பிரிவில் குத்தகைப் பெயர்களையும் இப்படியே வரையறுக்கிறது. சந்தேகம் வந்தால் இரட்டை ஈ-க்கு முன்னால் உள்ள சொல் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள்.

பெயரின் கடைசியில் ஒரே ஓர் எழுத்து கூடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வழக்கு. பிரிட்டனில் 2009-இல் ‘டெய்லர் அண்டு சன்’ என்ற நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு வந்தது. நிறுவனப் பதிவகமோ அதை ‘டெய்லர் அண்டு சன்ஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. கார்டிஃப் நகரில் இருந்த, நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைமையான பொறியியல் நிறுவனம் அது. பிழை சில நாள்களில் திருத்தப்பட்டது. அதற்குள் செய்தி பரவி, சரக்குக் கொடுப்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் பின்வாங்கினார்கள், நிறுவனம் விழுந்தது. பதிவகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. வித்தியாசம் ஓர் எஸ். ‘அண்டு சன்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு, ரப்பர் ஸ்டாம்ப் மூன்றிலும் அந்த எஸ் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

எண்ணுக்கும் இது பொருந்தும். மெட்டுக்கு அப்பால் விரியும் ஏலமலைக் காடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1897-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு ஒதுக்கிய பரப்பு 15,720 ஏக்கர் என்பது ஒரு தரப்பு. 2,15,720 ஏக்கர் என்பது மறு தரப்பு. முன்னால் ஓர் இரண்டு இருக்கிறதா இல்லையா என்பதில் மலைத்தொடரின் பெரும்பகுதியே அடங்கிவிடுகிறது. பத்திரத்தில் பரப்பையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் வழக்கம் இதனால்தான் தேவை. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கையெழுத்துக்கு முன் வாய்விட்டுப் படியுங்கள்.

5. மனுவும் பதிலும்

மானியத்துக்கோ உதவித்தொகைக்கோ இணையத்தில் விண்ணப்பித்தால், நிராகரிப்புப் பதிலில் இரண்டு சொற்களில் ஒன்று வரலாம். இரண்டும் ஐ-யில் தொடங்கி ‘ஜிபிள்’ என்று முடியும்.

‘இல்லெஜிபிள்’ என்றால் படிக்க முடியவில்லை. ஐ-க்குப் பிறகு இரண்டு எல். நீங்கள் ஏற்றிய பட்டாவோ ரேஷன் கார்டோ மங்கலாக இருக்கிறது என்று பொருள். தெளிவாக ஸ்கேன் செய்து மறுபடி அனுப்பினால் போதும்.

‘இன்எலிஜிபிள்’ என்றால் தகுதி இல்லை. ஐ-க்குப் பிறகு என். நோ என்பதன் முதல் எழுத்தும் என்தான். மறுபடி ஸ்கேன் செய்து பயனில்லை. எந்தத் தகுதி குறைகிறது என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும்; முடிவு தவறென்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

முதல் வகைப் பதிலை இரண்டாம் வகை என்று எண்ணிக் கைவிட்டால், கிடைக்க வேண்டிய பணம் போகும். ஆகவே இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்: எல்-லா, என்-னா?

மழைச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு எழுதும்போது ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ வரும். பாதித்தது என்னும் வினைக்கு ஏ. பாதிப்பு, விளைவு என்னும் பெயருக்கு ஈ. 2018 ஆகஸ்ட் பெருமழை இடுக்கி ஏலத்தோட்டங்களைப் பாதித்தது: ஏ. அதன் விளைவு அடுத்த பருவத்திலும் தெரிந்தது: ஈ. ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் ‘தி’ அல்லது ‘ஆன்’ போட முடிந்தால் அனேகமாக ஈ-தான். அரசாணைகளில் ‘இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது’ என்று சொல்லும் தொடரிலும் எப்போதும் ஈ.

‘அக்செப்ட்’ ஏற்றுக்கொள்வது, ஏ-சி-சி. ‘எக்செப்ட்’ தவிர என்று பொருள், ஈ-எக்ஸ்-சி. எக்ஸ் என்பது பெருக்கல் குறி போல அடித்துவிடும் அடையாளம். ஞாயிறு தவிர என்றால் ஞாயிற்றை அடித்துவிடுகிறோம்.

கடைப் பலகைக்கு ஒன்று: எழுதுபொருள் கடையின் ஸ்டேஷனரி ஈ-ஆர்-ஒய் என்று முடியும், என்வலப்பின் முதல் எழுத்து ஈ என்று நினைவில் வையுங்கள். நகராமல் நிற்பது என்னும் ஸ்டேஷனரி ஏ-ஆர்-ஒய். இடைக்கால ஐரோப்பாவில் அலைந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டவர்களை ஸ்டேஷனர் என்றார்கள். ஒரே இடத்தில் நிற்பது என்பதே இரண்டு சொல்லுக்கும் வேர்.

6. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்

பெயர்ச்சொற்களுக்கு அகராதி கிடையாது. போடிநாயக்கனூரை ஒரே கே-யோடும் எழுதுகிறார்கள், இரண்டு கே-யோடும் எழுதுகிறார்கள். தேனியை எச் சேர்த்தும் எச் இல்லாமலும் பழைய தாள்களில் காணலாம். தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த புதிய வடிவங்கள் பெரும் விவாதமாகி, அதே மாதத்தில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பழக்கம்: ஒரு பெயருக்கு எது சரியான வடிவம் என்று யோசிக்காதீர்கள், மூல ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்து இனிஷியல் உட்பட ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் வீடும் கேரளத்தில் தோட்ட வேலையுமாக இருப்பவர்களுக்கு ஒரே பெயர் இரண்டு மாநில அலுவலகங்களில் இரண்டு விதமாக ஏறிவிட வாய்ப்பு அதிகம். முரண் இருந்தால் அவசரம் வரும் முன்பே திருத்தம் கேளுங்கள்.

பழகும் முறை

ஒரு நோட்டில் இடப்பக்கம் ஒரு தாளின் பெயரை எழுதுங்கள்: ஏலப் பட்டியல், கடன் தாள், குத்தகைப் பத்திரம், மனு. அந்தத் தாளில் வரும் சொல்லை வலப்பக்கம் எழுதி, கீழே அதன் உறவுச் சொற்கள் இரண்டை எழுதுங்கள். அதன் இரட்டையை அதே பக்கத்தில் எழுத வேண்டாம். முதல் சொல் தயக்கமின்றிக் கைக்கு வந்த பிறகே மற்றதை, அதற்குரிய தாளின் பக்கத்தில் சேருங்கள்.

எழுதி முடித்த கடிதத்தைச் சரிபார்க்கும்போது பொருளுக்காக ஒரு முறை படியுங்கள். பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் சொல் சொல்லாகப் பாருங்கள். பொருளின் ஓட்டம் அறுந்துபோவதால் கண் எழுத்துகளில் நிற்கும்.

பயிற்சி

கீழே உள்ள வாக்கியங்களில் மேற்கோளில் உள்ள சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. மூன்றாவது வளைவில் ‘பிரேக்’ அடித்தும் நிற்கவில்லை.
2. பச்சைக் காயின் ‘வெயிட்’ போட்டுச் சீட்டு வாங்கினேன்.
3. இந்த வருடம் காயில் பணம் ‘லூஸ்’ பண்ணிவிட்டோம்.
4. வட்டி கட்டியாயிற்று, ‘பிரின்சிபல்’ அப்படியே நிற்கிறது.
5. வியாபாரி கொடுத்த ‘செக்’ திரும்பி வந்துவிட்டது.
6. வங்கியில் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கியவர் பத்திரத்தில் யார்: மார்ட்கேஜரா, மார்ட்கேஜியா?
7. நீங்கள் ஏற்றிய பட்டா நகலைப் படிக்க முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதில் இருக்கும் சொல் எது?
8. பலமான காற்று தட்டைகளைச் சாய்த்துப் பயிரை ‘அஃபெக்ட்’ செய்தது.

விடைகள்

1: முடிவு ஏ-கே-ஈ. 2: எட்டு ஒளிந்திருக்கும் சொல். 3: ஓர் ஓ. 4: முடிவு ஏ-எல். 5: க்யூ உள்ளது. 6: மார்ட்கேஜர். 7: இரண்டு எல் உள்ளது. 8: முதல் எழுத்து ஏ.

ஆறாவதும் ஏழாவதும் தவறியிருந்தால் நான்காம், ஐந்தாம் பகுதிகளை இன்னொரு முறை படித்துவிட்டே அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். மற்றவற்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் திருத்தி எழுதினால் தீர்ந்துவிடும். அந்த இரண்டில் நேர்ந்தால் உரிமையும் பணமும் கைமாறும்.